பட்டினி வயல்

பண்ணையில் அவளுக்குப் 'பட்டினி டாக்டர்' என்று பேர். பின்னே, பயிருக்குச் சோறு போடாதே என்று ஒன்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆராய்ச்சிப் பண்ணையின் மேற்கு மூலையில் அரை ஏக்கர் அவள் பொறுப்பு. அங்கே ஒரு பிடி உரம் விழக்கூடாது. சத்தே இல்லாத மண்ணிலும் விளைகிற மக்காச்சோளத்தை உருவாக்குவது அவள் வேலை.

நாற்றின் இலையில் ஒரு துணுக்கு கிள்ளி மரபணுவைப் படித்தால் போதும். எது தாக்குப்பிடிக்கும், எது படுத்துவிடும் என்று முளையிலேயே கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துவது இந்த அரை ஏக்கரின் விளைச்சல்தான். பாடம் தப்பினால் பதிலும் தப்பு.

ஒருமுறை தப்பியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வடக்கு ஓரத்துச் செடிகள் மட்டும் தளதளவென்று நின்றன. கம்ப்யூட்டர் அவற்றைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. கடைசியில் மண்ணைச் சோதித்தால் யூரியா! யாரோ அள்ளி வீசியிருக்கிறார்கள். இரண்டு பருவத்து உழைப்பு குப்பைக்குப் போனது. அன்று அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பண்ணையில் டிராக்டர் ஓட்டும் அத்தான், தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து போனார்.

இந்த வருஷம் மூவாயிரத்தில் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்த பன்னிரண்டு ரகங்கள், சாதாரண ரகங்களுக்கு நடுவே வரிசைக்கு ஒன்றாக நின்றன. கதிர் பிடிக்கிற நேரம். அறுத்துப் பார்த்தால் ஒன்பது வருஷத்துக்கும் பதில் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநர் யூரியா மூட்டைகளோடு டிராக்டரை வரவழைத்தார்.

"அடுத்த வாரம் மேலிடத்துல இருந்து வர்றாங்க. இந்த மஞ்சக் காட்டைப் பார்த்தா என் மானம் போயிடும். உரத்தைப் போடுங்க, பச்சையாயிடும்."

"போட்டா எல்லாம் போச்சு சார்."

"ஒன்பது வருஷமா இங்க என்னத்தைக் கிழிச்சீங்க?"

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. வயலுக்குள் போக இருந்த ஒரே வழியில், டிராக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"உத்தரவை எழுதிக் கொடுங்க. வர்றவங்க கிட்ட அதையே காட்டுறேன்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும். இந்த மண்ணுல ஒரு குருணை விழாது."

இயக்குநர் டிராக்டர் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஓரமா ஏத்தி உள்ள ஓட்டுய்யா!"

அத்தான் சாவியைத் திருகினார். எஞ்சின் அணைந்தது.

"மாட்டேன் சார். ஒருதரம் போட்டதே போதும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அத்தான் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு யூரியா வீசினது நான்தாம்மா. செடியெல்லாம் வாடிக் கிடந்துச்சு, பார்க்கச் சகிக்கல. ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன். நீ அழுதப்ப சொல்ல வாய் வரல."

மூன்று வருஷமாகக் கூலியாட்களைத் திட்டினாள். பக்கத்து வயல்காரரோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். கையில் அகப்பட்டதை எடுத்து இந்த மனுஷனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

"உங்களை வீட்டுல வெச்சுக்கறேன் அத்தான்," என்றாள். "இப்ப இறங்கி வந்து இப்படி நில்லுங்க."

அவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். வழி அடைபட்டது. இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று கறுவிக்கொண்டே இயக்குநர் போனார்.

மறுவாரம் விருந்தினர்கள் வந்தார்கள். மேற்கு மூலையை வேகமாகத் தாண்டிவிடப் பார்த்தார் இயக்குநர். ஆனால் வந்தவர்களில் மூத்த அம்மாள் ஒருத்தி அங்கேயே நின்றுவிட்டாள். வெளிறி மஞ்சளாகக் கிடந்த வயலின் நடுவே நான்கு வரிசைகள் மட்டும் கரும்பச்சையாக இருந்தன. கம்ப்யூட்டர் பொறுக்கிய பன்னிரண்டில் நான்கு. அந்த அம்மாள் ஒரு கதிரைக் கைக்குள் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

"இந்த வரிசைங்களுக்கு மட்டும் என்ன போட்டீங்க?"

பட்டினி டாக்டர் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற அத்தான் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒண்ணும் போடலீங்க," என்றார். "சத்தியமா, இந்தத் தடவை ஒண்ணுமே போடல."