சமுத்திரம் ஸ்டான்லி

சித்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஸ்டான்லியின் ஆட்சிக்கு ஒரு காலத்தில் நாலாயிரத்து முந்நூறு பேர் கட்டுப்பட்டிருந்தார்கள். அவர்களில் பத்துப் பேரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அதனால் அவருடைய அதிகாரம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

2007இல் அவர் தொடங்கிய இணையதளத்தின் பெயர் ‘வண்ணமீன் வட்டம்’. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இடம். வேலூர், சென்னை, துபாய் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கமீன் ஏன் மல்லாந்து நீந்துகிறது, ஃபைட்டர் மீன் ஏன் மூலையிலேயே முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டார்கள். ஸ்டான்லி எல்லாருக்கும் பதில் சொன்னார். கடையில் பார்வை சோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகை முன்னால் காத்திருக்க, அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருப்பார்.

“அந்தம்மா ஒத்தக் கண்ண மூடிக்கினு அரை மணி நேரமா நிக்கிது. நீங்க இன்னான்னா மீனுக்கு வைத்தியம் பண்ணிக்கினு கீறீங்க,” என்பாள் அவர் மனைவி கேசியா.

“இரு, கத்தார்ல ஒருத்தருக்கு அவசரம்.”

நிறைய எழுதியவர்களுக்கு அவர் பட்டம் கொடுத்தார். முதலில் மீன்குஞ்சு, அப்புறம் கெண்டை, சுறா, கடைசியாகத் திமிங்கிலம். தனக்கு மட்டும் ‘சமுத்திரம்’ என்று வைத்துக்கொண்டார். விதிகள் நாற்பத்தொன்று. நிர்வாகியை மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது என்பது பதினேழாவது. உட்பிரிவுகள் உள்ள ஒரே விதி அதுதான்.

அந்த விதியில் மாட்டியவர் திருப்பதியில் இருந்த சடகோபன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மீனை நாக்கில் வைத்தே அறியாத மனிதர். ஆனால் மீனுக்கு வரும் நோய்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. 2012இல் ஒருநாள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்த மீனுக்கு மஞ்சள்தூள் போட்டால் போதும் என்று ஸ்டான்லி நீளமாக எழுதினார். சமுத்திரத்தின் ஆழத்தைப் புகழ்ந்து முப்பது பேர் பதில் போட்டார்கள். முப்பத்தோராவதாக சடகோபன் எழுதினார்:

“மஞ்சளால் குணமாகாது. தண்ணீரின் சூட்டை மெல்ல மெல்லக் கூட்டி, அளவாகக் கல்லுப்புப் போடவும். மஞ்சள் போட்டால் தொட்டியின் நிறம் மாறும், அவ்வளவுதான்.”

கீழேயே அளவும் நாளும் போட்டு, பாடம் நடத்துவதுபோல விளக்கியிருந்தார். யாரோ அதற்குச் சிரிப்பு பொம்மை வேறு போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சடகோபனுக்கு ஆயுள் தடை. அவர் பெயருக்குக் கீழே ‘தடை செய்யப்பட்டவர்’ என்று சிவப்பு எழுத்தில் வரும்படி ஸ்டான்லி தன் கையாலேயே செய்துவைத்தார்.

சடகோபன் சண்டைக்கு வரவில்லை. ஃபேஸ்புக்கில் சின்னதாக ஒரு குழு ஆரம்பித்தார். முதல் மாதம் ஐம்பது பேர் போனார்கள். ஒரு வருஷத்தில் திமிங்கிலங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. வட்டத்தில் கேள்வி கேட்பவரும் ஸ்டான்லி, பதில் சொல்பவரும் ஸ்டான்லி என்ற நிலை வந்தது. நாலைந்து பொய்ப் பெயர்களில் நுழைந்து தன்னைத் தானே பாராட்டியும் பார்த்தார்.

2015இல் பெங்களூர் கம்பெனி ஒன்று தளத்தை வாங்கிக்கொண்டு அவருக்கு ‘சமூகத் தூதர்’ என்று பெயர் கொடுத்தது. தூதருக்கு வேலை எதுவும் இல்லை. புகைப்படம் மட்டும் கேட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தபடி எடுத்து அனுப்பினார். நாலு வருஷம் கழித்து அதை டெல்லிப் பக்கம் ஒரு கம்பெனி வாங்கியது. மீன்களுக்கு நடுவே நாய் பிஸ்கட்டும் பூனை மணலும் வந்தன. அதற்கப்புறம் தளம் யார் யார் கைக்கு மாறியது என்று ஸ்டான்லிக்குத் தெரியவில்லை. தூதர் பதவி போய்விட்டதாக மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் தொடர்வதாகவே நினைத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை, சபை மூப்பர் ஏசுரத்தினம் பிடித்துக்கொண்டார்.

“இன்னா ஸ்டான்லி, தங்கமீன வறுத்து துன்னச் சொல்லி எழுதிக்கினு கீறியாமே? என் மருமவ போன்ல காட்டிச்சி.”

வீட்டுக்கு ஓடிவந்து திறந்து பார்த்தார். ‘மொறுமொறு தங்கமீன் வறுவல்’. ‘குழம்புக்கு ஏற்ற பத்து வண்ணமீன்கள்’. ‘ஃபைட்டர் மீன் புட்டு: அம்மாவின் கைப்பக்குவம்’. ஏதோ எந்திரம் எழுதித் தள்ளியவை. ஒவ்வொன்றின் அடியிலும் கோட்டு போட்ட ஸ்டான்லி சிரித்துக்கொண்டிருந்தார். ‘பதினெட்டு ஆண்டு அனுபவம் மிக்க நிபுணர்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

“இவங்க யாரோ, போய்க் கேளுங்க. மானம் போவுது,” என்றாள் கேசியா.

தளத்தின் அடியில் இருந்த விலாசம் திருப்பதி. செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு, பாகாலா வழியாக ரயிலில் போனார். ரயில்வே ஸ்டேஷன் எதிரில் சூட்கேஸ் கடை மாடியில் ஓர் அறை. அதில் நாலு கம்ப்யூட்டர். தனசேகர் என்ற பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அரக்கோணத்துக்காரன்.

“நீங்கதான் போட்டோல கீற அங்கிளா!” என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “உங்க மூஞ்சி நல்லா ஓடுது அங்கிள். பார்த்தவுடனே ஒரு நம்பிக்கை வருது.”

தமிழும் தெலுங்குமாகக் கத்துவதற்கு வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த ஸ்டான்லிக்குக் கொஞ்சம் சுருதி இறங்கியது. “வளக்குற மீன சமைக்கச் சொல்றியேப்பா! படிச்சவன்தானே நீ?”

“நான் எங்க படிச்சேன், அதுவா எழுதுது. எங்கிட்ட இந்த மாதிரி இருநூறு சைட்டு கீது. தபால்தலை, புறா, கேமரா எல்லாம் செத்துப் போனது. வாங்கி விளம்பரம் போட்டு ஓட்டிக்கினு இருக்கேன். உங்க சைட்டுல ஒரே ஒரு பக்கம்தான் உசுரோட கீது. அதுக்காகவே வாங்கினேன்.”

ஸ்டான்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். “மஞ்சள்தூள் வைத்தியமா?”

“அதுல கீழ ஒருத்தரு உப்பு போடச் சொல்லியிருக்காரு பாருங்க, அது.”

தனசேகர் திரையைத் திருப்பிக் காட்டினான். சடகோபனின் பதிலுக்குக் கீழே பதின்மூன்று வருஷத்து நன்றிகள் வரிசையாகக் கிடந்தன. கடைசியாக எழுதியவர் ஹரிதா என்ற பெண், அதற்கு முந்தின நாள்: ‘என் மூன்று மீனும் பிழைத்துவிட்டன சார். ஏன் உங்களைத் தடை செய்தார்கள்?’

ஸ்டான்லி அதை இரண்டு தடவை படித்தார்.

“சரி, என் போட்டோவ எடுத்துடு. பேரையும் எடுத்துடு.”

“எடுத்துடறேன் அங்கிள், தப்புதான். ஆனா நிபுணர்னு ஒருத்தர் இருக்கணும், இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பேருக்குப் பக்கத்துல திருப்பதின்னு கீது, இதே ஊருதான். தேடிப் புடிச்சி, சமையல் குப்பையெல்லாம் தூக்கிட்டு, இவரு போட்டோ போட்டு, மீன் வைத்தியம் மட்டும் வெச்சிக்கிறேன். இவரு நம்பர் உங்ககிட்ட கீதா?”

நம்பர் ஸ்டான்லியின் போனில் இருந்தது. ஜன்னல் வழியாகத் திருமலை தெரிந்தது.

“இல்ல,” என்றார். “எதுக்கு சிரமம்? என் போட்டோவே இருக்கட்டும்.”

“வறுவலுக்குமா அங்கிள்?”

“இருக்கட்டும்பா. ஜனங்க பார்த்துப் பழகிட்டாங்க.”

வீட்டில் கேசியா கேட்டபோது, பேசிவிட்டதாகவும் பையன் நல்ல பையன் என்றும் சொன்னார். மூப்பர் ஏசுரத்தினத்திடம், அது வேறொரு ஸ்டான்லி என்றார்.

மூன்று மாதத்தில் தனசேகர் தளத்தை யாருக்கோ தள்ளிவிட்டான். புதிய ஆள் மீனையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டுவலித் தைலத்தைக் கொண்டுவந்தான். உப்பு வைத்தியமும் நன்றிகளும் அதோடு போயின. கோட்டு போட்ட நிபுணர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பாகாலாவிலிருந்து முனிசாமி என்று ஒரு பெரியவர், போனில் அந்தப் போட்டோவைக் காட்டி விசாரித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கடைப் படி ஏறி வந்தார்.

“டாக்டர் சார், அந்தத் தைலம் ஒண்ணு வேணும்.”

ஸ்டான்லி அவரை மேலும் கீழும் பார்த்தார். ‘டாக்டர்’ என்ற சொல் காதில் இதமாக இறங்கியது.

“இப்ப ஸ்டாக் இல்ல பெரியவரே,” என்றார். “அடுத்த வாரம் வாங்க.”