தாடைக்குள் சோளமணிகள்

1.

"இந்த மாதிரி வீக்கம் எத்தன பேருக்கு வரும்? எனக்கு மட்டுந்தானா?"

மதுரை பஸ்ஸு காரியாபட்டியில் நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயது சுகப்பிரியா என்னிடம் இப்படிக் கேட்டாள். நெல்லிக்காயை ஒதுக்கி வைத்ததுபோல அவள் வலது தாடை புடைத்திருந்தது.

"சும்மா இருடி" என்று அவள் அம்மா மாரீஸ்வரி தொடையில் தட்டினாள்.

"கதை எழுதுறேன்னு சொன்னாருல்ல. தெரிஞ்சிருக்கும்ல?" என்றாள் பிள்ளை.

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதை பிறந்தது அந்த வெட்கத்தில்தான்.

2.

'திருச்சுழிப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு சித்திரையில்...'

(வேண்டாம். வெயிலில் ஆரம்பித்தால் எங்கள் பக்கத்துக் கதைகள் எல்லாம் ஒரே கதை.)

'பல் உருவாகும் திசுக்களில் தோன்றும் கட்டிகளானவை...'

(இது ஆஸ்பத்திரிச் சுவருக்கு.)

மாரீஸ்வரி பஸ்ஸில் சொன்னதையே சொல்லிவிடுகிறேன். தாடை வீங்கியதும் தெரு கூடி 'பொன்னுக்கு வீங்கி' என்று முடிவு செய்தது. அதற்கு எங்கள் பக்கம் கழுத்தில் தங்கம் போடுவார்கள். மாரீஸ்வரியிடம் தங்கம் இல்லை. எதிர்வீட்டு வெள்ளைத்தாய் தன் சங்கிலியைக் கழற்றி, பிள்ளை கழுத்தில் போட்டாள்.

"வீக்கம் வடியிற வரைக்கும் கழட்டக் கூடாது தாயி. ஆத்தா கோவிச்சுக்கிடுவா."

பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளில் வடிந்திருக்கும். இது வலிக்கவுமில்லை, வடியவுமில்லை. இரண்டு மாதம் ஓடியது. சங்கிலி கிடக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தாளையும் வெள்ளைத்தாயையும் சேர்த்து அவமதித்ததாகிவிடுமே என்று மாரீஸ்வரி தயங்கினாள்.

(தங்கம் வீக்கத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அடுத்தவள் கழுத்துத் தங்கம் ஒரு தாயின் வாயைக் கட்டிவிடும் என்று தெரிந்துகொண்டேன்.)

3.

கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மா, "சங்கிலியைக் கழட்டுங்க. எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார்.

"வீக்கம் இன்னும் வடியலையேம்மா."

"வடியாததுனாலதான் எக்ஸ்ரே."

மாரீஸ்வரியின் கை எழவில்லை. சுகப்பிரியாவே கொக்கியை அவிழ்த்து அம்மா கையில் வைத்தாள். "நாந்தான கழட்டுனேன். ஆத்தா கேட்டா என்னைய கேக்கட்டும்."

படத்தில், தாடை எலும்புக்குள் சோளமணிகள்போலக் குட்டிக் குட்டிப் பற்கள் குவிந்திருந்தன. வரவேண்டிய நிஜப் பல் ஒன்று அடியில் வழியில்லாமல் படுத்திருந்தது.

"இதுவும் ஒரு கட்டிதான்" என்றார் டாக்டரம்மா. "பாத்தா கெட்டதாத் தெரியல. எடுத்து, டெஸ்டுக்கு அனுப்பித்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அதற்குத்தான் அந்த மதுரைப் பயணம். மாட்டுத்தாவணியில் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இதற்கு மேல் வருவதெல்லாம் நானாகக் கற்பனையில் போட்டது.

4.

ஒன்றைத் தவிர. சுகப்பிரியாவுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறதே, அதை விசாரித்தேன்.

பல் திசுக்களில் வரும் கட்டிகள் அரிதானவை. வாய், தாடை என்று ஆய்வகத்துக்கு வரும் சதைத் துண்டுகளில் நூற்றுக்குச் சிலதான் இவை. பெரும்பாலானவை புற்று அல்ல. குட்டிப் பல் குவியும் வகை, இருப்பவற்றுள் அடிக்கடி தென்படுவதில் ஒன்று. அதிகமும் சிறு வயதில். புற்றாக இல்லாமலேயே தாடையை மெல்லத் தின்னும் இன்னொரு வகை நம் நாட்டுக் கணக்குகளில் முன்னால் நிற்கிறது.

(அந்தக் கணக்குகளில் வருபவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மட்டும். சங்கிலி போட்டு வீட்டில் இருப்பவர்கள் எதிலும் இல்லை.)

ஆக சுகப்பிரியா, நீ மட்டும் இல்லை. ரொம்பப் பேரும் இல்லை.

5.

முதல் முடிவு: சோதனையில் அது வேறு வகையாகி, தாடையில் ஒரு பகுதியை...

(அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். திருச்சுழிப் பூமிநாதர் சந்நிதியில் நின்று அந்தப் பிள்ளைக்காகக் கேட்டுக்கொண்டவன், வீட்டுக்கு வந்து இதை எழுதக் கூடாது.)

இரண்டாவது: டாக்டரம்மா தெருவுக்கே வந்து, வெள்ளைத்தாயை நாலு பேர் முன்னால்...

(அவளிடம் இருந்தது ஒரு சங்கிலி. அதைக் கொடுத்தாள். இதற்கா திட்டு?)

மூன்றாவது: சோளமணிகள் வெளியே வந்தன. கெட்டது இல்லை என்று முடிவு வந்தது. மாரீஸ்வரி சங்கிலியைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள். "தப்பா நெனைக்காதீக மதினி, எக்ஸ்ரேக்குக் கழட்டும்படியாப் போச்சு."

"ஏத்தா, உள்ள பல்லு முளைச்சிருக்குன்னு என் சங்கிலிக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியலயே" என்று வெள்ளைத்தாய் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பிள்ளையின் தாடையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் வேறொருத்தி சொல்லி மாரீஸ்வரிக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தில், பாலவனத்தத்தில் தம்பி மகள் கல்யாணத்துக்கு வெள்ளைத்தாய் வெறும் கழுத்தோடு போயிருக்கிறாள்.

"என்ன மதினி, சங்கிலி பேங்குல தூங்குதா?" என்று கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்டாளாம்.

"ஆமா, எழுப்ப மனசில்ல."



6.

ஒரு நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஐந்து நாளாக வராத தண்ணீர். தெரு முழுக்க வேலைக்குப் போயிருந்தது. வெள்ளைத்தாய் மல்லாங்கிணறு போயிருந்தாள். சுகப்பிரியா உள்ளே தூங்கினாள்.

மாரீஸ்வரி வெள்ளைத்தாயின் குடங்களை முதலில் வைத்தாள். நிரப்பி, ஒவ்வொன்றாய் அவள் வாசலுக்குக் கொண்டுபோய் மூடி வைத்தாள். தன் குடத்தை வைத்தபோது குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

சாட்சி இல்லையே, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வெள்ளைத்தாய் வந்து பார்த்து, யார் என்று கேட்டால் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. என்னைக் கேட்டால் சொல்லமாட்டேன்.

மாரீஸ்வரி தன் குடத்தின் அடியில் கிடந்த அரைச் செம்புத் தண்ணீரைப் பிள்ளை வாய் கொப்பளிக்க எடுத்து வைத்தாள். காலிக் குடத்தைச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள்.