நான்காவது காளை

திருமலைக்கு மாட்டின் கால் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்து என்ன, ஒரு வருடமாகக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது.

முதன்முதலில் வாங்கிய காளை அவனை இப்படி ஆக்கிவிட்டது. உடம்பைப் பார்த்து மயங்கி ஓட்டிவந்தான். அது குளம்பு வெடித்து, நிற்க முடியாமல் படுத்தது. படுத்த மாடு தீவனத் தொட்டிக்கு வராது, தின்னாத மாட்டில் கறி பிடிக்காது. கறிக்கு வாங்குகிறவன் எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் கூடக் குடிக்காமல் போனான். அன்றிலிருந்து மனுஷன் எந்த மாட்டின் முகத்தையும் பார்ப்பதில்லை. எடுத்த எடுப்பில் காலுக்குப் போய்விடுவான்.

அவன் மனைவி சசிரேகாவுக்கு அந்தக் கொட்டகை நிறைந்தாக வேண்டும். கொழுக்க வைத்து விற்க இரண்டு காளை வந்துவிட்டால் அவள் ஒரகடத்துக் கம்பெனி வேலையை விட்டுவிடலாம் என்பது வீட்டுப் பேச்சு. போன தீபாவளிக்கு அப்புறம் அவளுடைய லைனில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. எப்போது விடுவது என்று அவள் கேட்பதை நிறுத்தி நாளாயிற்று.

அன்றும் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவள், சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டிலேயே இறங்கிக்கொண்டாள். திருமலை அங்கே காத்திருந்தான். பக்கத்தில்தான் சின்னப்பொண்ணு வீடு. காளையை விற்கிறவள் அவள்.

காளை நன்றாகத்தான் இருந்தது. திருமலை குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தான். குளம்பு கொஞ்சம் நீண்டிருந்தது, வெட்டிவிட்டால் சரியாகிவிடும். இடுக்கில் புண் இல்லை, நாற்றம் இல்லை.

"குளம்பு வெட்ற ஆளு போன மாசமே வந்திருக்கணும். மத்தபடி ஒரு கொறயும் கெடையாது. வா, ரோட்ல நடத்திக் காட்றேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

"நீங்க வேணாங்க்கா. எங்க வூட்டுக்காரி நடத்தும்."

இது திருமலையின் சட்டம். விற்கிறவர் கையில் கயிறு இருக்கக் கூடாது. இழுத்துப் பிடித்து மாட்டின் தலையைத் தூக்கியே வைத்திருப்பார்கள். கால் நோகும் மாடு அடி வைக்கும்போது தலையை ஆட்டும், அது தெரியாமல் போய்விடும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கயிறு சசிரேகா கையில்தான்.

அவள் பையை வேலியில் மாட்டிவிட்டுக் கயிற்றை வாங்கினாள். தூக்கம் கண்ணைக் கட்டியது. காளை அவள் பக்கத்தில் தார் ரோட்டில் நடந்தது. திருமலை பின்னால் நின்று பார்த்தான், முன்னால் ஓடிப் பார்த்தான். நடக்க நடக்கக் காளையின் தலை வெடுக் வெடுக்கென்று ஆடியது. மறுபடியும் நடத்தச் சொன்னான். மறுபடியும் ஆடியது.

அவனுக்குச் சலித்துப் போனது. ஆரம்பத்தில் பார்த்த மாடுகளுக்கு விதவிதமான கோளாறு. தீபாவளிக்கு அப்புறம் தண்டலம் பக்கம் பார்த்த மூன்று காளைக்கும் இதே கோளாறு. இது நான்காவது. இந்தப் பக்கத்தில் நல்ல கால் உள்ள மாடே பிறப்பதில்லையா?

"முன்னங்காலத் தாங்கித் தாங்கி நடக்குது. வேணாங்க்கா."

சசிரேகா கயிற்றைப் பிடித்தபடியே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

சின்னப்பொண்ணுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா பேசற நீ? என் மாட்டப் போயி நொண்டின்ற?" என்றவள் கயிற்றைப் பிடுங்கிக் காளையின் கழுத்திலேயே சுற்றிவிட்டாள். வீட்டு வாசலுக்குப் போய்த் தவிட்டு வாளியைத் தட்டினாள். காளை யாரும் பிடிக்காமல் தானாகவே ரோட்டில் நடந்து போனது. நான்கு காலும் ஒரே சீராக விழுந்தன. தலை ஆடவே இல்லை.

"இப்ப எங்க தாங்குது?" என்றாள். பிறகு காளையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிட்டே வந்து, குரலை இறக்கிக்கொண்டாள். "மாடு தாங்கலப்பா. உன் பொண்டாட்டி தாங்குது. அது கால இழுத்துகினு நடக்கசொல்ல கயிறு சுண்டுது, மாடு தலைய ஆட்டுது. நீ மாட்டுக் காலயே பாத்துகினு கீற."

திருமலை மைல்கல் முன்னால் குந்தி சசிரேகாவின் ஷூவைக் கழற்றினான். சாக்ஸில் ரத்தம் காய்ந்திருந்தது. குதிகால் பிளந்து, கணுக்கால் வரைக்கும் வீங்கிக் கிடந்தது. தொட்டதும் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"ஸ்டூல எடுத்தாங்களே, அப்பலேர்ந்துதான்."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, எனக்காவ அவசரப்பட்டு எதனா ஒண்ண வாங்கிடுவீங்க. மொத தரம் பட்டதே போதாதா?"

தண்டலத்தில் முதலில் பார்த்தது ஒரு கருப்புக் காளை. பிறகு ஒரு செவலை, பிறகு ஒரு மயிலை. மூன்றும் நல்ல மாடுகளாகத்தான் இருந்திருக்கும். மூன்றையும் அவளைக் கொண்டே நடத்தி, வேண்டாம் என்று அவன்தான் திரும்பி வந்தான். அத்தனை மாதமும் அவள் இந்தக் காலில் நின்றிருக்கிறாள். வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை.

"இத ஓட்டிகினு போலாம்" என்றான்.

"இன்னொரு தரம் நடத்திப் பாத்துக்க வேணாமா?"

சசிரேகா கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு காலில் ஷூவும் மறு கால் வெறுங்காலுமாக எழுந்து நின்று, சின்னப்பொண்ணிடம் கயிற்றுக்காகக் கையை நீட்டினாள்.