மஞ்சள் போடாத உருண்டைகள்

2006ஆம் ஆண்டு மாசி மாதம், ஒஸ்லோவில் நடைபாதையெல்லாம் கண்ணாடியாய் உறைந்து கிடந்த ஒரு காலையில், விமலாதேவி வேலைக்குப் போகிற அவசரத்தில் புருசெத் ரயில் நிலைய வாசலில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் முழங்கை தொடக்கம் உள்ளங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, விரல்களை மட்டும் வெளியே விட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக் குசினி அனாதையாகிவிட்டது.

அது சும்மா குசினி இல்லை. புருசெத்திலும் ஸ்டோவ்னரிலும் எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் வந்தாலும் நண்டுக் குழம்புக்கு விமலாதேவியைத்தான் கேட்பார்கள். அவளுக்கும் தன் கையின் மதிப்பு நன்றாகத் தெரியும். கை முறிந்த பிறகு, கீழ்வீட்டு அருட்செல்வத்தின் மனைவி மக்டலீன் பாவம், நாள் தவறாமல் புட்டும் சொதியும் கொண்டுவந்து கொடுத்தாள். விமலாதேவி இடக்கையில் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் வைத்துவிட்டு, மக்டலீன் படியிறங்கும்வரை காத்திருந்து, "உப்புக் குறைவு" என்பாள். இடக்கையால் தொட்டுச் சாப்பிட மனம் வரவில்லை. வலக்கை விரலால் அள்ளலாம் என்றால் வெள்ளை வெளேரென்ற மாவுக்கட்டில் கறி பட்டுவிடும். கரண்டியால் சாப்பிடுவது வயிற்றுக்குச் சாப்பிடுவதே தவிர நாக்குக்கு இல்லை என்று வேறு புலம்பிக்கொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் இன்னொரு சமையற்காரரும் இருந்தார். அவள் கணவர் யோகலிங்கம். நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு கிரேக்க உணவகத்தில், கலியாணத்துக்கு முதலே பாத்திரம் கழுவச் சேர்ந்து, வெங்காயம் உரித்து, மெல்ல மெல்ல அடுப்புக்கு ஏறியவர். சாப்பிட வருகிறவர்கள் "உங்கள் கிரேக்கச் சமையற்காரருக்கு எங்கள் பாராட்டைச் சொல்லுங்கள்" என்று பரிமாறும் பெண்ணிடம் சொல்லி அனுப்புவார்கள். கிரேக்கச் சமையற்காரர் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து வழிய, உள்ளே நின்று "ஓம் ஓம்" என்று தலையாட்டுவார்.

வீட்டிலோ அவர் ஒரு தேநீர்கூடப் போட்டதில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. கலியாணம் முடிந்த புதிதில், மனைவிக்குத் தன் கைவரிசையைக் காட்ட ஆசைப்பட்டு லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாள் போட்டு ஒரு சோறு சமைத்தார். புதுப்பெண் மூடியைத் திறந்து பார்த்தாள். "இதென்ன, வருத்தக்காரருக்கு வைச்ச கஞ்சியே? கடைச் சமையல் கடையோடை இருக்கட்டும்" என்று மூடிவிட்டாள். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. அவள் அதை அன்றைக்கே மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை. ஊரெல்லாம் பாராட்டினாலும், விமலா ஒரு வாய் சாப்பிட்டு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்குள்ளே அப்படியே இருந்தது. கேட்கத்தான் கூச்சம்.

ஒரு சனிக்கிழமை, யோகலிங்கத்துக்கு லீவு நாள், மகள் யதுர்ஷா கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, ப்ளீஸ். இன்னும் ஒருக்கா புட்டு வந்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவன்."

"நான் சமைக்கிறன்," என்றார் யோகலிங்கம்.

விமலாதேவி வாய்விட்டுச் சிரித்தாள். "என்னத்தையப்பா சமைக்கப் போறியள்?"

"இறைச்சி உருண்டை. லீக்ஸ் சோறு."

"கட்லற்றோ?"

"கட்லற் இல்லை. கிரேக்க உருண்டை. ஆனா நான் சமைக்கேக்கை நீர் குசினிக்குள்ளை வரக்கூடாது."

"நான் ஏன் வாறன்? எனக்கெண்டு ஒண்டும் வைக்கவும் வேண்டாம். எனக்கு மக்டலீன்ரை புட்டு வரும்."

உப்புக் குறைந்த புட்டுக்குத் திடீரென்று வந்த மரியாதையைப் பாருங்கள். யோகலிங்கம் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

பாகிஸ்தான்காரரின் இறைச்சிக் கடையில் அரைத்த ஆட்டிறைச்சி எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். வாய் தன்பாட்டில் ஓர் அளவைச் சொன்னது. மரக்கறிக் கடையில் கை தன்பாட்டில் லீக்ஸை அள்ளியது. விறகுக் கட்டுப்போல அவற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வந்து நின்றபோது யதுர்ஷா ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்க இடம் கொடுத்தால்தானே!

அடுப்படிக்குள் கால் வைத்ததும் யோகலிங்கம் வேறு ஆளாகிவிட்டார். வீட்டில் குரலே எழும்பாத மனிதர், தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அதிகாரம் பண்ணத் தொடங்கினார். "பிள்ளை, பழைய பாணைப் பிச்சுப் பாலிலை ஊறப்போடு! லீக்ஸை நெடுக்காய்க் கீறித் தண்ணியிலை விடு, இதழுக்கிடையிலை மண் இருக்கும்! பின்னாலை நிக்காதை, சூடு, சூடு!" யதுர்ஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த அப்பாவை அவளுக்கு நிரம்பப் பிடித்துப்போனது.

விமலாதேவி கதிரையை இழுத்துக் குசினி வாசலுக்கு வெளியே சரியாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உள்ளுக்கை வரேல்லையே," என்றாள். பிறகு விசாரணை தொடங்கியது. "மஞ்சள்?"

"இல்லை."

"மிளகாய்த்தூள்?"

"இல்லை."

"பெருஞ்சீரகமாவது?"

"இல்லையப்பா."

"அப்ப அந்த ஆடு என்னத்துக்குச் செத்தது?"

யோகலிங்கம் வெங்காயத்தைத் துருவிச் சாற்றைப் பிழிந்து விட்டு இறைச்சியில் போட்டார். ஊறிய பாண், முட்டை, காய்ந்த புதினா, ஒறெகானோ, உப்பு, மிளகு, ஒரு சொட்டு வினாகிரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தார். பிசைவதில் அவசரமே இல்லை. பக்கத்து அடுப்பில், வட்டம் வட்டமாய் வெட்டிய லீக்ஸ் ஒலிவ் எண்ணெயில் மெதுவாக வாடி, அதன் காரம் போய் இனிப்பு மணம் வரத் தொடங்கியது. அதற்குள் அரிசியைப் போட்டுக் கிளறி, தண்ணீர் விட்டு மூடினார். இறக்கும்போதுதான் டில் இலையும் தேசிக்காய்ப் புளியும்.

பிறகு உருட்டத் தொடங்கினார். உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். தட்டுகள் நிரம்பின, வெட்டுப்பலகை நிரம்பியது, கடைசியில் யதுர்ஷா துணி மினுக்கும் மேசையை விரித்துக் கடதாசி போட்டாள். அதுவும் நிரம்பியது.

"என்னப்பா இது, கோயில் திருவிழாவே?" என்று விமலாதேவி எழும்பியே விட்டாள்.

அப்போதுதான் யோகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். உணவகத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தன் வீட்டுக்குள் உருண்டு கிடந்தது. மூன்று பேருக்குச் சமைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள யார்தான் விட்டார்கள்?

"சரி, இனி என்ன செய்யிறது," என்றாள் விமலாதேவி. விருந்துக்காரி அல்லவா, மூளை உடனே வேலை செய்தது. "பிள்ளை, ஓடிப்போய் மக்டலீன் அன்ரியையும் அருட்செல்வம் மாமாவையும் வரச்சொல்லு. அவை எங்களுக்கு இவ்வளவு நாள் சோறு போட்டவை. சமைக்க வேண்டாமெண்டு சொல்லு."

யதுர்ஷா கதவைச் சாத்திக்கொண்டு ஓடிய பிறகுதான் விமலாதேவிக்கு உறைத்தது, தன் புட்டையும் தானே நிறுத்திவிட்டாள் என்று. யோகலிங்கம் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

மாவில் புரட்டிய உருண்டைகள் எண்ணெயில் பொன்னிறமாய்ச் சிவந்தன. மணம் படிக்கட்டு வழியே இறங்கியதால் அருட்செல்வம் தம்பதிக்கு இரண்டாம் அழைப்புத் தேவைப்படவில்லை. யோகலிங்கம் கடையில் வைப்பதுபோலவே தட்டுகளை அடுக்கினார். நடுவில் லீக்ஸ் சோறு, சுற்றி உருண்டைகள், பக்கத்தில் வெள்ளரிக்காயும் உள்ளிப்பூண்டும் கலந்த தயிர், ஒரு துண்டு தேசிக்காய். ஒவ்வொன்றாக மகள் கையில் கொடுத்து அனுப்பினார்.

"நீங்களும் வாங்கோ அப்பா."

"சமையற்காரன் மேசைக்கு வாறேல்லை, போ."

அது வெறும் பேச்சு இல்லை. இத்தனை வருடத்தில் தன் சமையலைச் சாப்பிடும் ஒரு முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. அவர் பார்த்ததெல்லாம் திரும்பி வருகிற தட்டுகளைத்தான். பாதி மிச்சம் வந்தால் மனம் சுருங்கும். பாணால் துடைத்து எடுத்த தட்டு வந்தால் அன்றைக்கு ரயிலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். இன்றைக்கும் கழுவுதொட்டி அருகில் நின்று காதைக் கொடுத்தார்.

"யோகண்ணை! உள்ளுக்கை பஞ்சாய் இருக்கு!" இது அருட்செல்வம்.

"லீக்ஸ் இவ்வளவு இனிக்குமெண்டு எனக்குத் தெரியாது," இது மக்டலீன்.

விமலாவின் குரலைக் காணோம். அவள் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு கரண்டியை மேசையில் வைக்கிற ஓசை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வைத்துவிட்டாள், முடிந்தது, என்று யோகலிங்கம் நினைத்தார். தோள் துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். ஈரமே இல்லாத கை.

யதுர்ஷா தட்டுகளோடு வந்தாள். எல்லாம் வெறுமையாக இருந்தன. அவர் எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

"அம்மான்ரை எங்கை?"

"அம்மா தரமாட்டாவாம்."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. விமலாதேவியே வந்து, இடக்கையில் பிடித்திருந்த தட்டை அவர் முன்னால் நீட்டினாள். அதில் ஒரு பருக்கை இல்லை. கரண்டியும் இல்லை. தயிரை வழித்தெடுத்த விரல் தடங்கள் மட்டும் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை வளைந்து போயிருந்தன. யோகலிங்கம் அவள் வலக்கையைப் பார்த்தார். விரல்கள் எண்ணெயில் பளபளத்தன. வெள்ளைக் கட்டின் விளிம்பில் ஒரு டில் இலை ஒட்டியிருந்தது.

"கட்டு ஊத்தையாய்ப் போச்சு விமலா," என்றார்.

"போனாப் போகுது. இதைக் கரண்டியாலை சாப்பிடேலாது." தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "இன்னும் இருக்கோ?"

வீடு முழுக்க உருண்டையை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. யதுர்ஷா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். யோகலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கரண்டி கைக்கு அகப்படவில்லை. தட்டை நிரப்பினார், மலைபோல நிரப்பினார்.

"உங்களுக்கும் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ," என்றாள். "முன்னாலை இருந்து சாப்பிடுங்கோ."

முதல்முறையாகச் சமையற்காரர் மேசைக்கு வந்தார். விமலாதேவி உருண்டையை விரலால் பிட்டு, தயிரில் தோய்த்து, லீக்ஸ் சோற்றோடு குழைத்து வாயில் வைத்தாள். அவர் தன் தட்டைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆறுதலாக மென்று விழுங்கினாள்.

"உப்புச் சரி," என்றாள்.

மக்டலீன் கதிரையில் நிமிர்ந்தாள். "அக்கா, எனக்கு ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே!"