கோடு விழுந்த மணல்

கவாசெமி விண்கலம் இரண்டாவது தடவையும் இறங்காமல் திரும்பிவிட்டது. குறுங்கோளின் தரையை ஒரு மாடி உயரம் வரை நெருங்கி, பாதுகாப்பான இடம் எங்குமே இல்லை என்று சொல்லி மேலே ஏறிக்கொண்டது. பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச் சேரவே கால் மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் எங்கே கால் வைப்பது என்று விண்கலம் தானே பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்க்க அதைப் பழக்கியவள் உகாய் ஷிஒரி. கட்டுப்பாட்டு அறையில் யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க பிள்ளைக்குக் கால் கூசுது போல, உகாய்-சான்,” என்றான் உடன் வேலை செய்யும் மினேகிஷி.

இன்னும் ஒரு தடவைக்குத்தான் எரிபொருள் இருந்தது. இடம் பாதுகாப்பானது என்று விண்கலத்துக்குப் பாதி நம்பிக்கை இருந்தாலே இறங்கட்டும் என்று குழுத்தலைவர் தொகுநாகா முடிவு செய்தார். கட்டளை போனது. கவாசெமி மெல்ல இறங்கத் தொடங்கியது.

ஷிஒரிக்கு உட்கார முடியவில்லை. கீழ்த்தளத்தில் கறுப்பு மணல் பரப்பிய சோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே கயிற்றில் தொங்கும் மாதிரி விண்கலத்தை வைத்துத்தான் எல்லாம் பழக்கியிருந்தார்கள். பாதி நம்பிக்கையில் அது என்ன செய்யும் என்று பார்க்க நினைத்தாள். உதவிக்கு வந்த மினேகிஷி சுவரில் மாட்டியிருந்த மூங்கில் வாரியை எடுத்து, வழக்கம்போல மணலை வார ஆரம்பித்தான். முந்தையவர் கலைத்த மணலில் அடுத்த சோதனை கூடாது என்பது தொகுநாகா வைத்த ஒழுங்கு. அவரே முழங்காலிட்டு வாரியதும் உண்டு.

சமதளத்தில் வாரியின் பற்கள் மெல்லிய கோடுகளை விட்டுச் சென்றன. கற்களைச் சுற்றி வாரி போகவில்லை, அங்கே கோடில்லை. ஷிஒரி மாதிரி விண்கலத்தின் கணினித் திரையைப் பார்த்தாள். கோடு இருந்த இடமெல்லாம் பச்சை, இறங்கலாம். இல்லாத இடமெல்லாம் சிவப்பு.

“வாரியைக் கீழ வைங்க.”

“இன்னும் மூலை பாக்கி இருக்கே.”

“வைங்கன்னு சொல்றேன்ல.”

குனிந்து உள்ளங்கையால் கொஞ்சம் கோடுகளை அழித்தாள். மணல் அதே சமமாகத்தான் இருந்தது. திரையில் அந்த இடம் சிவப்பானது.

அது கல்லைப் பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை. கோட்டைப் பார்க்கக் கற்றிருக்கிறது. குறுங்கோளில் மணல் வார யார் இருக்கிறார்கள்? வாரியதுபோல ஒரே ஒரு இடம்தான் அங்கே உண்டு. தென்சரிவில், வரிவரியாகப் பிளந்து கிடக்கும் பாறை. பாதி நம்பிக்கை போதும் என்றால் அது அங்கேதான் இறங்கும், நொறுங்கும்.

படியேறி ஓடினாள். தொகுநாகா வைத்த ஒழுங்குதான் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு சொல்லிவிட்டாள். தொகுநாகா கையிலிருந்த பார்லி தேநீரைக் கீழே வைத்தார்.

“நாம வாரினதாலயா?”

“ஆமா. ஒவ்வொரு தடவையும் வாரினோம்.”

அவர் கட்டளை அனுப்பும் மேசைப் பக்கம் திரும்பினார்.

“இறங்காம அங்கேயே நிக்கச் சொல்லுங்க.”

கட்டளை கிளம்பியது. இனிக் காத்திருப்பதுதான். திரையில் தெரியும் உயரம் எப்போதோ கடந்துபோனது. இந்நேரம் அது நொறுங்கிக் கிடந்தாலும் இங்கே சீராக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். திரையில் கவாசெமி மெல்லத் திரும்பித் தென்சரிவை நோக்கிப் போனது. தான் சொன்னது பொய்யாகிவிடாதா என்று அதுவரை ஏங்கியிருந்த ஷிஒரி நகத்தைக் கடித்தாள். உயரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிளவுகளின் நிழல்கூடத் தெரிந்தது.

உயரத்தைக் காட்டும் எண் நின்றது, கட்டளை போய்ச் சேர்ந்திருந்தது. மாறவில்லை. மினேகிஷி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மிச்ச எரிபொருள் ஓர் இறக்கத்துக்குப் போதுமா என்று யாரோ கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மட்டுமட்டாகப் போதும் என்றார்கள். அதற்கு முன் கவாசெமியை வாராத மணலில் புதிதாகப் பழக்க வேண்டும்.

தொகுநாகாவைக் காணோம். ஷிஒரி கீழே போய்ப் பார்த்தபோது மணலின் ஓரத்தில் வெளிச் செருப்போடு நின்றிருந்தார். அந்த மணலில் யாரும் செருப்போடு கால் வைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்தார், சுற்றினார், காலால் கிளறினார். திரும்பித் தன் தடங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகச் சுவரில் சாய்த்திருந்த வாரியின் பக்கம் நீண்டது.

ஷிஒரி முந்திக்கொண்டு வாரியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.