சகலையின் நம்பர்

முடிதிருத்தும் கடைக்காரருக்குத் தெருவில் நல்லவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் வினையாக முடிந்தது. அரசாங்கக் காரியமெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது, தெருவில் பலரும் விண்ணப்பத்தில் அவருடைய போன் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். மனிதர் எந்நேரமும் கடையில் இருப்பார், கூப்பிட்டால் எடுப்பார், வேறென்ன வேண்டும்?

ஓடிபி வந்தால் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கூவுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கன்னத்தில் நுரை காய்ந்துவிடும். தெருமுனை எலக்ட்ரீஷியனுக்குக் குழந்தை பிறந்த சேதி, பதிவுக்கான ஓடிபி வழியாக, எலக்ட்ரீஷியனின் மாமியாருக்கு முன்பே இவருக்குத் தெரியும்.

கடை உரிமத்தைப் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணி தாண்டினால் மறுநாள் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். சேவை மையத்துப் பெண் அவர் நம்பரைத் தட்டினாள்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே பத்துப் பேர் இருக்காங்க. அதுக்கு மேல ஏத்தாது."

"அந்தப் பத்துல நான் இல்லையாம்மா?"

"இல்லைங்க."

"போன் என்னுதும்மா."

"சரிதாங்க. வேற நம்பர் சொல்லுங்க."

மனைவியின் நம்பரைச் சொன்னார். அதில் அவள் பிறந்த வீட்டார் மொத்தமும் குடியேறியிருந்தார்கள். மணி நாலரை. மிச்சமிருந்தது எதிர்வீட்டுச் சகலை ஒருவர்தான்.

சகலையோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவர் மகளின் கல்யாணத்தன்று காலை இவர்தான் அவருக்குச் சவரம் செய்தார். நடுவில் யாருக்கோ ஓடிபி வந்து போன் அலற, கை வழுக்கி, பாதி மீசை போனது. மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. போட்டோவில் பெண்ணின் அப்பா எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள்.

கதவைத் திறந்த சகலை முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நாலு வருஷம் கழிச்சு ஓடிபிக்காகத்தான் வாய் திறந்துச்சா?"

கடைக்காரருக்குத் தலை நிமிரவில்லை. "தப்பு என்னுதுதான். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

சகலை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே சேவை மையத்துக்கு வந்தார். ஓடிபி வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக, அவசரமே இல்லாமல் படித்தார். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கையில் உரிமம் அச்சாகி வந்தது.

"இனிமே கடை சம்பந்தமா எது வந்தாலும் இவர் போனுக்குத்தான் வரும்," என்றாள் பெண்.

"வரட்டும்," என்றார் சகலை. கடைக்காரரைப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா நான் போன்ல சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டுக்கோ."