செல்வி பெயரில் அழிந்தவை

சந்தனச்செல்வியின் பெயர் திரையில் வந்து விழுந்ததும் விஜிலாவால் நம்ப முடியவில்லை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண். ஓட்டப்பிடாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். கொண்டுவந்த துவையலை எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டுத்தான் மதியம் உட்காருவாள். அவள்தான் கப்பலேறவிருந்த நிலாவரை மூலிகை இலைக் கன்டெய்னர்களின் பைல்களை நேற்று மொத்தமாக அழித்தாள் என்று லினக்ஸ் சர்வர் அடித்துச் சொன்னது.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், சரக்குக்குச் சுங்கக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் அந்த கிளியரிங் ஆபீசின் சர்வர் விஜிலாவின் பொறுப்பு. யார் எந்தப் பைலைத் திறக்கிறார், மாற்றுகிறார், அழிக்கிறார் என்று குறித்துவைக்கும் ஆடிட் வசதியைப் போன மாதம்தான் போட்டிருந்தாள். அன்றிலிருந்து ஆபீசே அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வேவு பார்க்கிறாளாம்! அவள் போகிற பக்கமெல்லாம் பேச்சு சட்டென்று நின்றது. இப்போது அதில் முதலில் மாட்டியது இந்தப் பச்சைப்பிள்ளை என்றால் சும்மா விடுவார்களா?

அழிந்த பைல்களை பேக்கப்பிலிருந்து காலையிலேயே மீட்டாயிற்று. சரக்கும் கப்பலைத் தவறவிடாமல் தப்பித்தது. ஆனால் முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்தோடு அந்தப் பெண்ணை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.

செல்வி அழுதிருந்தாலாவது பரவாயில்லை.

"நான் தொடவே இல்லக்கா. ஆனா எம்பேரு இருக்குன்னு சொல்லுதாவ. எனக்கே தெரியாம கை பட்டுருக்குமோ?"

கை பட்டு அழிகிற சமாச்சாரமா அது! விஜிலாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பெயரைப் பார்த்த அவசரத்தில் அதற்கு மேல் பார்க்காமல் முதலாளியிடம் ஒப்பித்தவள் அவள்தானே. மறுபடி உட்கார்ந்தாள். ஒருவர் உள்ளே நுழைந்ததும் சர்வர் அந்த நுழைவுக்கு ஒரு எண் கொடுக்கும். வெளியேறும்வரை அவர் செய்வதெல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகும். பைல்களை அழித்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்த நுழைவு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று தேடினாள். செல்வியின் மேசையிலிருந்து வரவில்லை. அண்ணாச்சியின் அறையிலிருந்து வந்திருந்தது.

மாதாவே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அண்ணாச்சிக்கு எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஆபீசில் யாரானாலும் அவர் அறைக்குப் போய், அவர் கணினியில் தங்கள் பெயரில் நுழைந்து, திறந்து காட்டுவார்கள். காட்டியதும் தங்கள் பெயரிலிருந்து வெளியேறாமல் அப்படியே எழுந்து வந்துவிடுவார்கள். பெரிய மனுஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே திரையை மூடுவது மரியாதையா? யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோரும் அப்படித்தான். விஜிலாவும் அப்படித்தான்.

அவர் அறைக் கதவைத் தட்டினாள். செல்விக்குப் பதில் தன் வேலை போனாலும் போகும்.

"அண்ணாச்சி, நேத்து செல்வி ஒங்களுக்கு எதையோ காட்டிட்டுப் போனாள்லா. அதுக்கப்புறம் இந்த சீட்டுல யாரு இருந்தா?"

"நாந்தான் இருந்தேன். எஞ்சீட்டுல வேற யாரு இருப்பா?"

சொன்னவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். போன வருஷத்துக் குப்பை திரையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்து அவர்தான் அள்ளிப் போட்டாராம்.

"அந்தப் பிள்ளைய போகச் சொல்லிட்டனே," என்றார்.

கூப்பிட்டனுப்பாமல் அவரே எழுந்து செல்வியின் மேசைக்குப் போனார். ஆபீஸ் மொத்தமும் தலைதூக்கிப் பார்த்தது.

"நான் செஞ்ச வேலைம்மா அது. நீ எங்கயும் போவாண்டாம்."

அப்போதுதான் செல்வி அழுதாள். பக்கத்து மேசை ஜெப்ஸி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விஜிலாவைப் பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு, சாப்பிட்டியளா என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு பில்லைக் காட்ட செல்வியை அண்ணாச்சி அறைக்கு அழைத்தார்கள். விஜிலா கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி காட்டி முடித்தாள். எழுந்திருக்கவில்லை. மௌஸில் வைத்த கை அப்படியே நின்றது. முதலாளியின் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

அண்ணாச்சி நாற்காலியை மெல்லச் சுழற்றி, அவளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே துறைமுகத்துக் கிரேன் ஒரு நீலக் கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் தன் நுழைவை மூடி முடிக்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.